மான் ஸ்டாக்கிங்குக்கு எந்த பூட்ஸ் வாங்குவது?

ஸ்டாக்கிங் என்றால் மானைப் பதுங்கி நெருங்கிச் சுடும் வேட்டை. உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தென் இங்கிலாந்துக் காடுகளில் ரோ மானுக்கும் ஃபாலோ மானுக்கும் வருஷம் முழுக்கப் போகிறீர்கள். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைகளில் பெண் செம்மான் வேட்டைக்கும் போகப் போகிறீர்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே ஜோடி பூட்ஸ் போதுமா, நாள் முழுக்க நடந்தாலும் வலிக்காமல், சத்தம் எழுப்பாமல், ஐந்தாறு வருஷமாவது உழைக்கும்படி எதைத் தேர்ந்தெடுப்பது, முழங்கால் வரை வரும் ரப்பர் வெலிங்டன் பூட்ஸே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஜோடிதான் என்றால், கணுக்காலுக்கு மேல் வரும், சுமார் 20 சென்டிமீட்டர் உயரத் தோல் பூட்ஸ், ஓரளவு வளையும் சோல், கூடவே நல்ல கெய்ட்டர் (பூட்ஸின் மேல்பகுதியிலிருந்து ஆடுசதை வரை மூடும் துணி உறை) ஒரு ஜோடி. இரண்டு ஜோடி வாங்க வசதி இருந்தால் காட்டுக்கு மெல்லிய, நன்றாக வளையும் பூட்ஸ் தனி; மலைக்குக் கெட்டியானது தனி. ஏன் என்பதுதான் முக்கியம். காரணம் பிடிபட்டுவிட்டால் கடையில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் நீங்களே முடிவு செய்துவிடலாம்.

நீங்கள் கேட்ட மூன்று குணங்களும் ஒரே திசையில் போவதில்லை. வசதியும் அமைதியும் கூட்டாளிகள். வலிக்கிற கால் சத்தம் போடும். காலை ஆறு மணிக்குப் பூனைபோல் நடந்தவர் கொப்புளம் வந்த பிறகு பத்து மணிக்குச் சருகை உழுதுகொண்டு போவார். ஆனால் அமைதியும் உழைப்பும் ஒன்றோடொன்று மோதும். அமைதியான சோல் மெல்லியதாகவும் மிருதுவாகவும் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட ரப்பர் சீக்கிரம் தேயும். வருஷக்கணக்கில் உழைக்கும் சோல் கடினமாகவும் தடிமனாகவும் இருக்கும், கல்லில் பட்டால் டக்கென்று கேட்கும். இந்த இழுபறியில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்பதை நீங்கள் நடக்கும் தரைதான் தீர்மானிக்க வேண்டும். பெட்டியின் மேல் ‘சைலன்ட்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள்.

மான் எந்தச் சத்தத்துக்குக் கலைகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். காட்டில் எப்போதும் ஏதாவது சத்தம் இருந்துகொண்டே இருக்கிறது. அணில் ஓடும், கிளை விழும், இன்னொரு மான் சுள்ளியை மிதிக்கும். ஒரு சுள்ளி ஒரே ஒரு முறை முறிந்தால் ரோ மான் தலையைத் தூக்கிப் பார்க்கும், காதைத் திருப்பும். நீங்கள் அசையாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் மறுபடி மேயத் தொடங்கிவிடும். அதைக் கலைத்து விரட்டுபவை இரண்டு. ஒன்று, சீரான தாளம்: ஒரே இடைவெளியில் தொம், தொம் என்று விழும் குதிகால். வேறெந்த விலங்கும் அப்படி நடப்பதில்லை. இன்னொன்று, காட்டில் இல்லாத ஒலி: உலோகம் உலோகத்தில் படும் கிளிக், நைலான் துணி உரசும் சர்சரப்பு, பூட்ஸின் கிரீச். இவை எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹைலேண்ட்ஸ் மலையில் கணக்கு வேறு. அங்கே காற்று வீசும், ஓடை இரையும், சுடும் தூரமும் காட்டைவிட அதிகம். சத்தத்தைவிட உங்கள் வாசனையைக் காற்று எங்கே கொண்டுபோகிறது என்பதுதான் பெரிய கவலை. ஆனால் சரளைச் சரிவில் ஒரு கல் உருண்டால் போதும், எதிர்ச்சரிவில் இருக்கும் கூட்டமே எழுந்துவிடும். அதனால் மலையில் அமைதி என்பது மிருதுவான சோலைக் குறிக்காது. வழுக்காத சோலைக் குறிக்கும். காட்டில் சுள்ளியைக் கால் உணர வேண்டும். மலையில் கால் வைத்த இடத்தில் நிற்க வேண்டும்.

இனி சோல். காட்டுக்கு வாங்குவதாக இருந்தால் பூட்ஸைக் கையில் எடுத்து, குதிகாலை ஒரு கையாலும் முனையை மறு கையாலும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் சிரமமில்லாமல் மடங்க வேண்டும், பாதவளைவில் மடங்கக் கூடாது. அங்கேயும் மடங்கினால் அது வீட்டுச் செருப்புக்குச் சமம், ஒரு மணி நேரத்தில் உள்ளங்கால் வலிக்கும். அடுத்து துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் முறுகினால் காட்டுக்குச் சரி. அசையவே இல்லையென்றால் உள்ளே ஷாங்க் என்ற கெட்டித் தகடு முழு நீளத்துக்கு இருக்கிறது, அது செங்குத்து மலைக்கானது. ஜெர்மன் தயாரிப்பாளர்கள் இந்த விறைப்பை ஏ முதல் டி வரை வகைப்படுத்துகிறார்கள். மைண்டல், ஹான்வாக் பூட்ஸ்களின் விவரத்தில் அதைப் பார்க்கலாம். ஏ என்பது சமதரைக்கு, டி என்பது பனிப்பாறை ஏறுவதற்கு. காட்டுக்கு ஏ-பி போதும், ஹைலேண்ட்ஸுக்கு பி. சிலர் மலை என்றதும் சி வகைக்கே போய்விடுகிறார்கள். அது ஆல்ப்ஸ் பாறைக்கானது. அதைப் போட்டுக்கொண்டு பீட் என்ற மக்கிய தாவரச் சேற்றுச் சதுப்பிலும் ஹெதர் என்ற குட்டைப் புதரிலும் நாள் முழுக்க நடப்பது தண்டனை.

வளையும் சோல் ஏன் சத்தத்தைக் குறைக்கிறது? பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் தரையில் தொட்டு, எடையை மெதுவாக உள்பக்கம் உருட்டிக்கொண்டு வருவதுதான் பதுங்கி நடப்பவர்களின் நடை. அப்படி வரும்போது அடியில் சுள்ளி இருப்பது தெரிந்தால், எடையை இறக்குமுன் காலைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம். விறைத்த சோலில் அந்தத் தகவல் காலுக்கு வந்து சேர்வதே இல்லை. சுள்ளி முறிந்த பிறகுதான் அது அங்கே இருந்ததே தெரியும். அது மட்டுமல்ல, விறைத்த சோல் உருளாது. பலகைபோல் மொத்தமாக இறங்கும். குதிகால் தொம்மென்று விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சோலின் பற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஹைலேண்ட்ஸ் ஸ்டாக்கர்கள் ஆணி அடித்த தோல் பூட்ஸைத்தான் போட்டார்கள், உள்ளூரில் அதற்கு டாக்கெட்டி பூட்ஸ் என்று பெயர். ஈரப் புல்லில் நன்றாகப் பிடிக்கும், கல்லில் கணீரென்று கேட்கும். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு மலையேறிகள் மோசமான வானிலையில் சிக்கி இறந்தார்கள். போதாத காலணிகளும் அதற்கு ஒரு காரணம் என்று கருதிய இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, பல் வைத்த ரப்பர் சோலை உருவாக்கி 1937இல் வெளியிட்டார். அவர் பெயரின் துண்டுகளைச் சேர்த்ததுதான் விப்ரம். இன்றைய நல்ல பூட்ஸ்களில் பெரும்பாலானவற்றின் அடியில் அந்தப் பெயரின் மஞ்சள் முத்திரையைப் பார்க்கலாம். ஆனால் அந்த முத்திரை மட்டும் எதையும் உறுதி செய்யாது. அதே நிறுவனம் பல வகை ரப்பர் கலவைகளும் பல வகைப் பல் அமைப்புகளும் செய்கிறது. நகத்தால் பல்லை அழுத்திப் பாருங்கள். சற்றே அமுங்கினால் மிருதுவான கலவை, அது ஈரக் கல்லிலும் பிடிக்கும், சத்தமும் குறைவு, ஆனால் தார் ரோட்டில் நடந்தால் சீக்கிரம் தேயும்.

பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி அகலமாக இருக்கட்டும். நெருக்கமான பற்கள் களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும், களிமண் சருகைப் பிடித்துக்கொள்ளும், சின்னக் கல் இடுக்கில் மாட்டிக்கொண்டு அடுத்த பாறையில் டிக் டிக் என்று தட்டும். குதிகால் பகுதி சோலிலிருந்து ஒரு படிபோலத் தெளிவாக இறங்கியிருக்க வேண்டும். பல்லே இல்லாத, ஒரே சரிவாகப் போகும் கிரேப் ரப்பர் சோல் காய்ந்த காட்டில் அற்புதமான அமைதி தரும். ஆனால் ஈரப் புல் சரிவில் அது ஆபத்து. சுட்ட மானைச் சரிவில் கீழே இழுத்துக்கொண்டு வரும்போது குதிகாலைத்தான் தரையில் ஊன்றுவீர்கள். மலைப் பெண் செம்மான் குடல் நீக்கிய பிறகும் 40 கிலோ அளவுக்கு இருக்கும், அது பின்னாலிருந்து உங்கள் கணுக்காலை நோக்கிச் சறுக்கி வரும். அந்த நேரத்தில் பூட்ஸின் குதிகால் பிடிக்காவிட்டால் கால் எலும்பு முறிந்துவிடும்.

பூட்ஸ் தானே எழுப்பும் கிரீச் சத்தத்துக்கு இடம் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கும். இன்சோல் அடியில் உள்ள பலகையோடு உரசுவது, நாக்கின் மடிப்பு பக்கத் தோலோடு உரசுவது, லேஸ் மாட்டும் உலோகக் கொக்கிகள். புதுத் தோலின் முனகல் சில வாரங்களில் தானாக அடங்கும். இன்சோல் சத்தம் தானாக அடங்காது. அதை வெளியே எடுத்து அடியில் டால்கம் பவுடர் தூவி மறுபடி போடுங்கள். நாக்கு மடிப்புக்கு மெழுகு தேயுங்கள். லேஸ் வட்டமான வழவழப்பு நைலானாக இருந்தால் மாற்றிவிடுங்கள். தட்டையான, கொஞ்சம் சொரசொரப்பான லேஸ் முடிச்சு அவிழாமல் நிற்கும், நுனியில் பிளாஸ்டிக் தட்டும் ஓசையும் வராது. நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். கடையில் கம்பளத்தின் மேல் நடந்து பார்ப்பது இதற்கெல்லாம் உதவாது. வெறும் தரையாகத் தேடி, ஒற்றைக் காலில் நின்று, உடலை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்துக் காது கொடுத்துக் கேளுங்கள்.

மேல்தோலுக்கு வருவோம். நைலான் துணி ஒட்டுப் போட்ட பூட்ஸ் எடை குறைவு, சீக்கிரம் உலரும். ஆனால் ஹெதரின் கம்பி போன்ற தண்டுகளும் முட்செடிகளும் உரசும்போது துணி சரசரக்கும், தோல் சரசரக்காது. உழைப்பிலும் துணி தோற்றுவிடும். ஹெதர் புதர் ஒவ்வொரு அடியிலும் பூட்ஸின் முன்பக்கத்தை அரம்போல் தேய்க்கிறது. ஒரு பருவம் மலையில் நடந்த பூட்ஸின் விரல் பகுதியைப் பார்த்தாலே தெரியும். 2.4 முதல் 2.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள முழுத் தோலோ, மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்கிய நூபக் தோலோ எடுங்கள். எவ்வளவுக்குத் தையல் குறைவோ அவ்வளவு நல்லது. விரல் மடங்கும் இடத்தின் குறுக்கே தையல் ஓடினால் அங்கேதான் முதலில் பிரியும், அங்கேதான் முதலில் தண்ணீர் நுழையும். சுற்றிலும் ரப்பர் பட்டை ஓடும் பூட்ஸ் மலைக்கு மிகவும் நல்லது. தவழ்ந்து போகும்போது கால்விரல் பகுதி தரையில் இழுபடுகிறது. பட்டை இல்லாவிட்டால் தோல் கிழியும். காட்டுக்கு மட்டும் என்றால் அந்தப் பட்டை தேவையில்லை, சற்று எடை மிச்சம்.

உயரம் 20 சென்டிமீட்டர் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆடுசதை வரை ஏறும் 30 சென்டிமீட்டர் பூட்ஸ் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் குந்தி உட்காரும்போதும், முழங்காலிட்டுச் சுடும்போதும், தவழும்போதும் கணுக்கால் முன்பக்கம் மடங்க வேண்டும். உயரமான பூட்ஸ் அதைத் தடுக்கும், பின் விளிம்பு ஆடுசதையில் வெட்டும். அந்த வேலையைக் கெய்ட்டரிடம் விட்டுவிடுங்கள். அது பனி ஈரத்தையும் பீட் சேற்றையும் தடுக்கும். பேன்ட் நுனியை உள்ளே அடக்கி வைப்பதால் உண்ணி ஏறுவதையும் குறைக்கும். பிரிட்டனின் பிராக்கன் பெரணிப் புதர்களில் உண்ணி நிறைய, லைம் நோயைப் பரப்புவதும் அதுதான். கெய்ட்டர் வாங்கும்போது துணியைக் கையால் கசக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் பைபோல் ஒலித்தால், கவனமாகத் தேடி வாங்கிய பூட்ஸின் அமைதி முழுவதையும் அது கெடுத்துவிடும்.

தண்ணீர் புகாத சவ்வு வேண்டுமா என்பதில் ஸ்டாக்கர்களிடையே இரண்டு கட்சி உண்டு. அமெரிக்கர் பாப் கோர் 1969இல் கண்டுபிடித்த, நீட்டிய டெஃப்ளான் வகைப் பொருளிலிருந்து வந்ததுதான் கோர்-டெக்ஸ். வியர்வை ஆவியாக வெளியேறும், வெளித் தண்ணீர் உள்ளே வராது. புதிதாக இருக்கும்போது சொன்னபடி வேலை செய்கிறது. ஆனால் பூட்ஸில் முதலில் சாகும் உறுப்பும் அதுதான். விரல் மடியும் இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மடங்குகிறது, உள்ளே நுழைந்த மணல் அதை அராவுகிறது. அது போன பிறகு ரிப்பேர் செய்ய வழியில்லை. இன்னொன்று, பீட் சதுப்பில் முழங்கால் வரை இறங்கிவிட்டால் தண்ணீர் மேல் வழியாக உள்ளே வரும். அப்போது சவ்வு அதை வெளியே போக விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், உலர இரண்டு இரவு ஆகும். சவ்வில்லாத, தோல் உள்வரி வைத்த பூட்ஸ் ஈரத்தை ஓரளவு உள்ளே விடும், ஆனால் காலோடு சேர்ந்து உலரும்.

உங்கள் நிலையில் இருந்தால் நான் சவ்வுள்ளதைத்தான் வாங்குவேன், ஒரு நிபந்தனையோடு: சவ்வு செத்த பிறகும் மெழுகு பூசி ஓட்டிவிடக்கூடிய தடிமனான தோல் அதற்கு இருக்க வேண்டும். தென் இங்கிலாந்தில் ரோ பெண் மான் பருவம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, ஸ்காட்லாந்தில் பெண் செம்மானுக்கு அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. ஆக உங்கள் வேலையில் பெரும்பகுதி குளிர்ந்த, நனைந்த மாதங்களில்தான். உறைந்த கால் அசையாமல் நிற்காது.

ரோ ஆண் மானுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காட்டுக்குப் போகும்போது நிலைமை தலைகீழ். ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் தரை காய்ந்து கிடக்கும், சவ்வு வைத்த தோல் பூட்ஸில் கால் வெந்துபோகும். இரண்டாவது ஜோடி என்று நான் சொன்னது இதற்குத்தான். சவ்வில்லாத, மெல்லிய சோலுள்ள, ஜோடி ஒரு கிலோவைத் தாண்டாத எளிய தோல் பூட்ஸ். அது விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

வெலிங்டனை நான் ஒதுக்கிவிட மாட்டேன். பனி நனைந்த புல்வெளியில் ஓரமாக நடந்து, உயர இருக்கையில் ஏறி உட்கார்ந்து, விடிந்ததும் திரும்பிவிடும் காலைகளுக்கு அது அருமையானது. மிருதுவான இயற்கை ரப்பர் இலைகளில் உரசும்போது சத்தமே இருக்காது, கழுவுவதும் எளிது. குறை பொருத்தத்தில்தான். குதிகால் உள்ளே ஏறி இறங்கும், அகன்ற வாய் ஆடுசதையில் டப் டப் என்று அடிக்கும். நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் உள்வரியோடு காலைக் கவ்விப் பிடிக்கும் வகையில் அந்த அடிப்பு பெரும்பாலும் இல்லை. 1927இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் லெ ஷமோ போன்றவை பக்கவாட்டு ஜிப்போடும் செய்கின்றன. இருந்தாலும் கணுக்காலுக்குத் தாங்கல் கிடையாது. ஹைலேண்ட்ஸ் சரிவில் மானை இழுக்கும்போது வெலிங்டன் போட்டிருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இதுவரை சொன்னதையெல்லாம்விடப் பெரியது பொருத்தம். எவ்வளவு நல்ல பூட்ஸும் உங்கள் காலுக்குப் பொருந்தாவிட்டால் கெட்ட பூட்ஸ்தான். பிராண்டைப் பார்த்து முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று வைத்திருக்கும் பாதவடிவ அச்சில் பூட்ஸைத் தைக்கிறது. ஒன்றின் அச்சு ஒடுங்கிய குதிகாலுக்கு, இன்னொன்றின் அச்சு அகன்ற முன்பாதத்துக்கு. சின்ன வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்களுக்கு விரல்கள் விரிந்து முன்பாதம் அகலமாக இருப்பது இயல்பு. அப்படிப்பட்டவர்கள் ஒடுங்கிய அச்சில் ஓர் அளவு கூட்டி வாங்கிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். அது சரியாக வராது. நீளம் கூடினால் பூட்ஸ் மடியும் இடமும் உங்கள் விரல் மடியும் இடமும் வேறு வேறாகிவிடும், குதிகால் தளரும், கொப்புளம் நிச்சயம். அகலமான அச்சுள்ள மாடலையே கேளுங்கள், பல நிறுவனங்கள் செய்கின்றன.

மாலையில் போங்கள், அதுவும் கொஞ்சம் நடந்த பிறகு. காலையில் இருந்ததைவிடக் கால் அப்போது வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். எந்தக் காலுறையோடு நடக்கப் போகிறீர்களோ அதையே எடுத்துப் போங்கள். இரண்டு பாதங்களையும் நின்றுகொண்டு அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று சற்றுப் பெரிது, பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். பிரிட்டன் அளவில் ஒரு எண்ணுக்கு 8.46 மில்லிமீட்டர், ஐரோப்பிய அளவில் 6.67 மில்லிமீட்டர். அதனால் மாற்றுப் பட்டியல்கள் ஒருபோதும் துல்லியமாகப் பொருந்துவதில்லை. எண்ணை நம்பாமல் காலை நம்புங்கள்.

போட்டுக்கொண்டு லேஸ் கட்டுமுன் பாதத்தை முன்னால் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு குதிகாலைத் தட்டிப் பின்னால் உட்காரவைத்து இறுகக் கட்டுங்கள். சரிவுப் பலகை இருந்தால் இறங்கி நடந்து, முனையால் தரையை உதையுங்கள். விரல் இடித்தால் அந்த பூட்ஸ் வேண்டாம், ஹைலேண்ட்ஸில் ஒரே இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். படி ஏறுங்கள், குதிகால் ஒரு சிட்டிகை எழும்பலாம், அதற்கு மேல் கூடாது. இத்தோடு நிறுத்தாமல், கடையிலேயே குந்தி உட்காருங்கள், முழங்காலிடுங்கள், கூச்சப்படாமல் தரையில் நான்கடி தவழ்ந்தும் பாருங்கள். ஸ்டாக்கிங்குக்கு வாங்கும் பூட்ஸை வெறுமனே நடந்து மட்டும் சோதிப்பது பாதிச் சோதனைதான்.

எடையையும் கவனியுங்கள். காலில் கூடும் ஒவ்வொரு கிலோவும் முதுகில் சுமக்கும் ஒரு கிலோவைப்போல ஏறக்குறைய 5 மடங்கு உழைப்பை வாங்கும் என்பது ராணுவ வீரர்களை வைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்தது. ஜோடி 1.4 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குப் போவது கடையில் ஒன்றுமில்லை. மாலை நாலு மணிக்கு அது காலைத் தூக்கவிடாது. தூக்காத கால் இழுபடும், இழுபடும் கால் சருகைக் கிளறும்.

கட்டும் முறையிலும் ஒரு சின்ன வித்தை உண்டு. பாதத்தின் மேல்பகுதி முடிந்து கணுக்கால் தொடங்கும் இடத்தில் லேஸை இரண்டு சுற்று முறுக்கி ஒரு பூட்டுப் போடுங்கள். அதற்குக் கீழே இறுக்கமும் மேலே தளர்வுமாகத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஏறும்போதும் பதுங்கும்போதும் மேல்பகுதி தளர்ந்திருந்தால் கணுக்கால் வளையும், எடையை உருட்டி வைக்க முடியும். இறங்கும்போதும் மானை இழுக்கும்போதும் இறுக்கிக்கொள்ளுங்கள். காலுறை மெரினோ கம்பளியாக இருக்கட்டும், ஈரமானாலும் சூடு விடாது. கொப்புளம் வரும் காலென்றால் உள்ளே மெல்லிய காலுறை ஒன்று கூடுதலாக.

உழைப்பைப் பற்றி. சோலை மேல்பகுதியோடு பசை மட்டும் போட்டு ஒட்டியிருக்கிறார்களா, தைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒட்டியது லேசாகவும் நன்றாக வளைவதாகவும் இருக்கும். அதில் நல்ல நிறுவனங்கள் சோல் மாற்றித் தருகின்றன, மலிவானவற்றில் அது முடியாது. தைத்தது கனம், ஆனால் பலமுறை சோல் மாற்றலாம். யார்க்‌ஷயரின் ரிச்மண்டில் உள்ள ஆல்ட்பெர்க் போன்றவர்கள் தாங்கள் செய்த பூட்ஸுக்குத் தாங்களே புது சோல் போட்டுத் தருகிறார்கள். மேல்தோல் நல்ல நிலையில் இருக்கும்போதே அனுப்பிவிட வேண்டும்.

பலரும் அறியாத விஷயம் மிட்சோல். சோலுக்கும் மேல்பகுதிக்கும் நடுவே உள்ள மெத்தை பல பூட்ஸ்களில் பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போட்டு நடக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சிதையும், சொல்லப்போனால் சும்மா கிடப்பவைதான் சீக்கிரம் போகும். ஒருநாள் மலையின் நடுவில் சோல் மொத்தமாகக் கழன்று கையில் வரும். அதனால் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பல வருஷம் கிடங்கில் கிடந்ததை வாங்காதீர்கள், தயாரித்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். ஈ.வி.ஏ. என்ற இன்னொரு நுரையால் ஆன மெத்தை இப்படிச் சிதையாது, ஆனால் அமுங்கித் தட்டையாகிவிடும்.

பராமரிப்பில் முதல் எதிரி பீட். அது அமிலத் தன்மையுள்ளது, தோலில் உலர்ந்து ஒட்டிக்கொண்டால் எண்ணெய்ப் பசையை இழுத்துவிடும், தோல் விறைத்து வெடிக்கும். அன்றன்றைக்கே தண்ணீரில் கழுவிவிடுங்கள். குடல் நீக்கும்போது பட்ட ரத்தத்தையும் குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவ வேண்டும். பிறகு உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, காற்றாட வையுங்கள். ஸ்டாக்கிங் விடுதிகளில் அடுப்பைச் சுற்றி பூட்ஸை வரிசையாக வைப்பார்கள், அந்த வரிசையில் உங்களுடையதை வைக்காதீர்கள். சூட்டில் தோல் சுருங்கும், பசை இளகும். உலர்ந்த பிறகு மெழுகு பூசுங்கள். எண்ணெயை அள்ளிப் பூசினால் தோல் தொளதொளவென்று ஆகிக் கணுக்காலைத் தாங்காது.

சுத்தம் உங்கள் பூட்ஸுக்காக மட்டுமல்ல. பைட்டோப்தோரா ராமோரம் என்ற கிருமி 2009இல் தென்மேற்கு இங்கிலாந்தில் லார்ச் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் பிறகு பிரிட்டனில் ஏராளமான லார்ச் தோப்புகளை வெட்ட வேண்டியதாகிவிட்டது. பூட்ஸில் ஒட்டிய மண்ணிலும் இலையிலும் அது பயணம் செய்யும். தெற்கே ஒரு காட்டிலிருந்து நேராக ஹைலேண்ட்ஸுக்குப் போகிறவர் நீங்கள். கிளம்புமுன் சோலின் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவி உலர்த்தி எடுத்துப் போவது அந்த எஸ்டேட்டுக்கு நீங்கள் செய்யும் மரியாதை. அகன்ற இடைவெளிப் பற்கள் இங்கேயும் கைகொடுக்கும்.

அக்டோபர் பயணத்துக்கு முன் குறைந்தது ஆறேழு வாரமாவது இருக்கும்படி வாங்கிவிடுங்கள். முதல் சில நாள் வீட்டுக்குள், சுத்தமான தரையில் மட்டும், மாலையில் ஒரு மணி நேரம் போட்டிருங்கள். சோலில் மண் பட்டுவிட்டால் கடை திரும்ப எடுக்காது. எங்காவது ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தினால் பழகிவிடும் என்று காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். அந்தக் கட்டம் தாண்டிய பிறகு தெருவில், பிறகு உங்கள் காட்டில் குட்டி நடைகளில், கடைசியாகத்தான் முதுகில் சுமையோடு நீண்ட நடைக்கு. ரசீதை மட்டும் எறிந்துவிடாதீர்கள், சோல் மாற்ற அனுப்பும்போதும் சில நிறுவனங்கள் கேட்கும்.